கோட்டையும் பேட்டையும்: ஐயம்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் சாலையில், பட்டுத்தறிகளால் அறியப்பட்ட ஐயம்பேட்டை அமைந்துள்ளது. அதன் பெயரின் இறுதியில் நிற்கும் 'பேட்டை' என்னும் சொல், வணிகமும் கைத்தொழிலும் நடைபெறும் குடியிருப்பைக் குறிப்பது. நெசவாளர், எண்ணெய் வாணிகர், தட்டார் முதலிய தொழிலாளர் கூடி வாழ்ந்து, சந்தை கூட்டி, ஆட்சியாளருக்கு வரி செலுத்திய இடங்களே விசயநகர, நாயக்கர் காலங்களில் பேட்டை என்று பெயர் பெற்றன. இச்சொல்லுக்கு இணைசேரும் மற்றொரு சொல் 'கோட்டை'. பேட்டையில் ஈட்டிய பொருள் கோட்டைக்குச் சென்றது. கோட்டையின் காவல் பேட்டைக்குக் கிடைத்தது, அல்லது கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. ஐயம்பேட்டையைப் போன்ற ஒரு பேட்டையிலிருந்து கோட்டை ஒன்றைக் காணச் செல்பவர், தம் ஊரின் வரலாற்றில் விடுபட்டுப்போன பாதியைக் காணச் செல்கிறார் என்றே கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தில் அந்தப் பாதியைக் காண வழியில்லை. பல்லவரின் தலைநகராக விளங்கி, பின்னர்ச் சோழரும் விசயநகரத்தாரும் போற்றிய அந்நகரில் கோயில்கள் நிலைத்தனவே தவிர, அரண்மனையோ மதிலோ கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சவில்லை. பல்லவமேடு என்னும் மண்மேட்டின் பெயரும் அங்கு நடந்த அகழாய்வுகளில் கிடைத்த பொருள்களுமே அரசிருக்கையின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களின்போது, காவலுக்கு வேறு அரண் இல்லாத நிலையில், காஞ்சியின் பெருங்கோயில் மதிலுக்குள்ளேயே படைகள் புகுந்து அதனைக் கோட்டையாகப் பயன்படுத்தின. 1751இல் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து இராபர்ட் கிளைவ் கைப்பற்றிய காஞ்சிக் 'கோட்டை' உண்மையில் ஒரு கோயிலே. ஆகவே அரசகோட்டை ஒன்றைப் பார்க்க விரும்பும் காஞ்சிப் பகுதி மக்கள், மேற்கே வேலூருக்கோ தெற்கே செஞ்சிக்கோ செல்ல வேண்டும். வேலூர்க் கோட்டை அருகில் உள்ளது. நீர் நிறைந்த அகழியாலும் சலகண்டேசுவரர் கோயிலாலும் 1806ஆம் ஆண்டுப் புரட்சியாலும் புகழ்பெற்றது. ஆனால் அது சமவெளிக் கோட்டை. மலை, காடு, நீர், நிலம் என நான்கும் சேர்ந்த அரணைப் பார்க்க வேண்டுமானால் செஞ்சியைத் தவிர்க்க இயலாது.

செஞ்சி இன்று விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம், வந்தவாசி வழியாகச் சென்றால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 2025ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்னும் தொகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது; அத்தொகுதியில் உள்ள 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் இருக்க, மராத்தியப் பகுதிக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. தமிழ்நாட்டுக் கோட்டையொன்று மராத்தியர் பெயரால் உலகப் பட்டியலில் ஏறியது சிலருக்கு உறுத்தலாகப் பட்டது. அந்த உறுத்தலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏனெனில் மராத்தியர் இக்கோட்டையை ஆண்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகளே. எனினும் அந்த இருபது ஆண்டுகளில்தான் கோட்டையின் ஆற்றல் முழுமையாகச் சோதிக்கப்பட்டது என்பதையும் மறுக்க இயலாது.

கோட்டையின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே இராசகிரி, தெற்கே சந்திரகிரி எனப்படும் சந்திராயன் துர்க்கம் என மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை இணைத்து ஓடும் மதில்கள் நடுவிலுள்ள சமவெளியை வளைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு குன்றும் தனித்தனியே ஒரு கோட்டை. மூன்றும் சேர்ந்து மற்றொரு பெருங்கோட்டை. மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்றும், அவை சூழ்ந்த பரப்பு ஏறத்தாழ 11 சதுரக் கிலோமீட்டர் என்றும் கணக்கிடப்படுகின்றன. மதிலிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் காவல்மேடைக்குக் 'கொத்தளம்' என்று பெயர். மதிலின் ஒரு முகத்தைத் தாக்குபவனைப் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்கு அது இடம் தரும். மதிலுக்கு வெளியே உள்ள பள்ளம் 'அகழி'. செஞ்சியின் கீழ்க்கோட்டை மதில் சில இடங்களில் ஒரு வீட்டின் அகலத்துக்கு மேல் தடித்தது. இரு புறமும் கல் அடுக்கி, நடுவில் மண்ணும் கற்களும் கொட்டி இறுக்கி எழுப்பப்பட்டது. பீரங்கிக் குண்டு கல்லை உடைத்தாலும் உள்ளிருக்கும் மண் அதன் விசையை விழுங்கிவிடும் என்பதே இதன் உத்தி.

இக்கோட்டையை முதலில் எழுப்பியவர் யார் என்னும் வினாவுக்கு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நில அளவையாளர் காலின் மெக்கன்சிக்காகத் தொகுக்கப்பட்ட சுவடிகள் தரும் விடை பலரும் அறிந்தது: ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் ஆனந்தக் கோன் என்னும் ஆயர்குலத் தலைவர் புதையல் கண்டெடுத்து இராசகிரியில் அரண் அமைத்தார், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றைக் கட்டி அதற்குத் தம் பெயரிட்டார். இது மரபுவழிச் செய்தி, சான்றுறுதி குறைவு. ஆனால் அதற்கும் முற்பட்ட சான்றொன்று தமிழ் இலக்கியத்திலேயே உண்டு. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட விக்கிரம சோழன்மீது ஒட்டக்கூத்தர் பாடிய உலா, அச்சோழனுக்கு அடங்கிய தலைவர்களைப் பெயர்சொல்லி வரிசைப்படுத்தும் இடத்தில், மதில் சூழ்ந்த செஞ்சியின் தலைவனான காடவனையும் குறிப்பிடுகிறது. காடவர் என்போர் பல்லவ மரபினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட குறுநில மன்னர். கோனார் கதைக்கு முன்பே செஞ்சியில் அரண் இருந்தது என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை. அச்சான்றைத் தந்த ஒட்டக்கூத்தரை நெசவுத்தொழில் செய்யும் செங்குந்தர் தம் குலப் புலவராகப் போற்றி வருவது, தறி ஓசைக்கு நடுவே வாழும் ஐயம்பேட்டை வாசகருக்குச் சிறு பெருமிதத்தைத் தரலாம்.

செஞ்சி பெருநகராக வளர்ந்தது விசயநகரத்தின் கீழும், அதன் ஆளுநர்களாகத் தொடங்கிப் பின்னர் ஏறத்தாழத் தன்னுரிமை பெற்ற நாயக்கர்களின் கீழுமே. 1597இல் செஞ்சிக்கு வந்த நிக்கோலசு பிமெந்தா என்னும் போர்த்துக்கீசியக் கிறித்தவத் துறவி, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே பெரியதென்றும், போர்த்துக்கல் நாட்டில் லிசுபனைத் தவிர வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதினார். அவ்வளவு பெரிய நகரையும் அதன் மதிலையும் படையையும் தாங்கிய வருவாய் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்பவர் குறைவு. நிலவரியே பெரும்பகுதி என்றாலும், தறிக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட தறிக்கடமையும் அதில் ஒன்று. வரிச்சுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டு வெளியேறியதையும், அவர்களைத் திரும்ப அழைத்துக் குடியேற்றுவதற்காக வரி குறைக்கப்பட்டதையும் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தறியைத் தோளில் சுமந்து செல்ல முடியும்; வயலைச் சுமந்து செல்ல முடியாது. நெசவாளர் இடம்பெயரும் ஆற்றல் உடையவர் என்பதனால்தான் ஆட்சியாளர் அவர்களுக்குச் சில மதிப்புரிமைகளை வழங்கித் தக்கவைத்துக்கொள்ள முயன்றனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் நெசவாளரான கைக்கோளர் பெற்றிருந்த தண்டு, சங்கு ஆகிய உரிமைகள், அதாவது பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவுமான உரிமைகள், செஞ்சியை ஒட்டிய பகுதிகளின் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டன. காஞ்சி நெசவாளரின் நிலை அன்று மற்றவர்க்கு அளவுகோலாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

துணி வாணிகத்தை நாடி வந்த ஐரோப்பியரும் செஞ்சியின் வாயிலில் நின்றே இடம் கேட்டனர். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்டகசாலை அமைத்தது செஞ்சி நாயக்கரின் இசைவோடு. அதே இடத்தில் இருந்த சிறு கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அந்த விற்பனையின் நிபந்தனை விந்தையானது: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்களெல்லாம் வாங்குபவருக்குச் சொந்தம். ஆங்கிலேயர் தம்மிடமிருந்த சிறந்த பீரங்கியைக் கொண்டு சுட்டனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன.

இராசகிரியின் அடிவாரத்தில் நுழையும் பயணி முதலில் காண்பது, மதில்களுக்கு இடையே நேரே செல்லாமல் வளைந்து வளைந்து செல்லும் வாயில்வழி. யானையை முடுக்கிக் கதவை உடைக்க வரும் படை, வேகம் எடுக்க இடமின்றித் திரும்பித் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளைவு. உள்ளே, தானியக் களஞ்சியங்கள், உடற்பயிற்சிக் கூடம், குதிரைக் கொட்டடிகள், யானைக்குளம், தொல்லியல் துறை தோண்டி வெளிப்படுத்திய அரண்மனையின் அடித்தளம் ஆகியன ஒன்றையடுத்து ஒன்றாக விரிகின்றன. அரண்மனையின் முன்பு, சாய்ந்து அமர்வதற்குத் திண்டு போன்ற கல்லோடு கூடிய வழவழப்பான பெருங்கற்பலகை ஒன்று கிடக்கிறது. அரசன் அமர்ந்த இடம் என்று அதைச் சுட்டுவர்.

இவற்றுள் பலரும் நின்று பார்ப்பது கல்யாண மகால். சதுரமான முற்றத்தைச் சூழ அறைகள் அமைய, நடுவில் எட்டு நிலைகளாக உயரும் கோபுரம் போன்ற மாளிகை அது. ஒவ்வொரு நிலையும் ஒரே ஓர் அறையும் அதைச் சுற்றிய வளைவுத் தாழ்வாரமும் கொண்டது. உச்சி பிரமிடு வடிவில் குவிகிறது. இதன் வளைவுகளில் இசுலாமியக் கட்டடமுறையும் மேற்கூரையில் கோயில் விமானத்தின் சாயலும் கலந்திருப்பதைக் கூர்ந்து நோக்குபவர் உணரலாம். பெயரைக் கொண்டு மணவிழா மண்டபம் என்று பலர் கருதினாலும், அரசகுடும்பப் பெண்டிர் தங்கிய இடமாகவே ஆய்வாளர் கொள்கின்றனர். ஆனால் இம்மாளிகையின் உண்மையான வியப்பு, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்களின் வழியே நீர் மேல்நிலைகளுக்கு ஏறியது என்பதே. குன்றின்மேல் உயரமான இடத்தில் நீரைத் தேக்கினால், தாழ்விலுள்ள கட்டடத்தின் மாடிக்கு அது தானே ஏறிவிடும் என்னும் எளிய இயற்கை விதியை அக்காலத்துப் பணியாளர் துணிந்து பயன்படுத்தினர்.

செஞ்சியில் நீரைத் தேடிப் பார்ப்பதே கோட்டையைப் பார்க்கும் சரியான வழி. மழைநீர் பாறையின் சரிவில் வழிந்து ஓடுகையில் அதை ஒவ்வொரு மட்டத்திலும் மறித்துக் குளமாகவும் தொட்டியாகவும் ஆக்கியிருக்கின்றனர். அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிகுளமும், மேலே பாறைக் குழிகளும், இராசகிரியின் உயரத்தில் கோடையிலும் வற்றாத சுனைகளும் உள்ளன. பாறையின் இயல்பான சரிவையே நீர் வாங்கும் கூரையாக்கிய இக்கணக்கு, மதிலை எழுப்பிய கணக்கைக் காட்டிலும் நுட்பமானது. களஞ்சியங்களும் இவ்வாறே. தடித்த சுவர்களும் வளைகூரையும் கொண்டு, ஈரமும் எலியும் நெருப்பும் எளிதில் அணுகாதபடி கட்டப்பட்ட அவற்றின் உள்ளே நுழைந்தால், வெளியே கொளுத்தும் வெயிலிலும் குளிர்ச்சி உடலில் படும். கிருஷ்ணகிரியில் நெல்லுக்குரிய களஞ்சியங்களோடு, எண்ணெயும் நெய்யும் சேமித்து வைத்ததாகச் சொல்லப்படும் பாறைக்கிணறுகளையும் காணலாம். முற்றுகை என்பது உணவுக்கும் நாள்களுக்கும் இடையே நடக்கும் போர். உள்ளே இருப்பவனின் நெல் முந்தித் தீருமா, வெளியே இருப்பவனின் பொறுமை முந்தித் தீருமா என்பதே அதன் சாரம். திருக்குறளின் 'அரண்' அதிகாரமும் நீர், நிலம், மலை, காடு ஆகியவற்றை அரணின் உறுப்புகளாக எண்ணியதோடு, உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவு நிறைந்திருப்பதையும் அரணின் இலக்கணமாகவே கூறுகிறது.

இதைச் செஞ்சியின் போர்வரலாறு மெய்ப்பிக்கிறது. இக்கோட்டை பலமுறை கைமாறியது; ஆனால் மதிலை இடித்துப் புகுந்த பகைவரைக் காண்பது அரிது. 1648ஆம் ஆண்டின் இறுதியில் பீசப்பூர் சுல்தானின் படைக்கு நாயக்கர் பணிந்தது நீண்ட முற்றுகையின் களைப்பால். 1677இல் மராத்திய அரசர் சிவாசி இக்கோட்டையைப் பெற்றதில் படையைவிடப் பேச்சுவார்த்தைக்கே பங்கு மிகுதி. பெற்றபின் பழைய மதில்களில் வேண்டாதவற்றை இடித்துப் புதியன எழுப்ப அவர் பெரும்பொருள் செலவிட்டதை அக்காலத்துக் கிறித்தவத் துறவியரின் கடிதங்கள் பதிவு செய்துள்ளன. வடக்கே இருந்த தம் நாடு வீழ்ந்தால் ஒதுங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் பன்னிரண்டு ஆண்டுகளில் உண்மையாயிற்று.

1689இல் சிவாசியின் மூத்த மகன் சம்பாசியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கொன்றபின், இளைய மகன் இராசாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். அடுத்த எட்டாண்டுகள் மராத்திய அரசின் தலைநகர் செஞ்சியே. 1690இல் சுல்பிகார் கான் தலைமையில் முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. ஆனால் இவ்வளவு பரந்த மதிலைச் சுற்றி வளைக்க எந்தப் படையும் போதவில்லை. ஒருபுறம் மூடினால் மறுபுறம் தானியம் உள்ளே சென்றது. சாந்தாசி கோர்படே, தனாசி சாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து முகலாயரின் உணவுவண்டிகளை மறிக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று: முற்றுகையிடப்பட்டவர் உண்டிருக்க, முற்றுகையிட்டவர் பசித்திருந்தனர். பேரரசரின் மகன் காம்பக்ஷு பகைவரோடு பேசுகிறார் என்ற ஐயத்தில் அவரையே தளபதிகள் காவலில் வைத்தனர். 1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. இன்று ஐயம்பேட்டையிலிருந்து செஞ்சிக்குச் செல்பவர் பேருந்து மாறும் அதே வந்தவாசிதான். முற்றுகை பின்னர்த் தொடர்ந்து, 1698இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது, இராசாராம் அங்கு இல்லை. வேலூர் வழியாகத் தப்பிவிட்டிருந்தார். சுல்பிகார் கானே அதற்கு இடம் கொடுத்தார் என்று அக்காலத்தவர் பலர் நம்பினர்.

கோட்டையின் பெயரை மக்கள் மனத்தில் நிறுத்தியவர் இவர்களுள் எவரும் அல்லர். பத்துமாதமே ஆண்ட ஓர் இளைஞர். முகலாயரிடமிருந்து செஞ்சியின் காவற்பொறுப்பைப் பெற்ற புந்தேல இராசபுத்திரர் சுவரூப் சிங் 1714இல் இறந்ததும், அவர் மகன் தேசு சிங் பொறுப்பேற்றார். அவரே தமிழ்நாட்டு நாட்டுப்பாடல்களும் தெருக்கூத்தும் போற்றும் தேசிங்குராசன். தந்தை செலுத்தாத வரிநிலுவையை ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்க, தேசிங்கு மறுத்தார். அதன்பின் அவர் செய்தது போர்நூலுக்கு ஒவ்வாதது: எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மதில்களையும் வற்றாத சுனைகளையும் பின்னே விட்டு, சிறுபடையோடு வெளியே வந்து திறந்தவெளியில் பொருதார். 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அவரும் அவருடைய நண்பர் மகபத் கானும் களத்தில் வீழ்ந்தனர். இந்து அரசனும் முசுலிம் நண்பனும் ஒரே களத்தில் மாண்ட இக்கதையில் பாராசாரி என்னும் குதிரைக்கும் மனிதர்க்கு நிகரான இடம் உண்டு. கோட்டைக்குள் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். பாட்டில் இருந்திருக்க மாட்டார். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏற, அப்பெண்ணின் நினைவாக நவாபு பாலாற்றங்கரையில் உண்டாக்கிய ஊரே இராணிப்பேட்டை என்பது வழக்கு. செஞ்சிக் கோட்டையின் துயரம் ஒரு பேட்டையின் பெயராக முடிந்தது.

நவாபுகளின் காலத்தில் செஞ்சி பின்தங்கியது. நோய் மிகுந்த இடம் என்று முகலாய அதிகாரிகள் முன்பே ஆர்க்காட்டைத் தலைமையிடமாக ஆக்கிக்கொண்டிருந்தனர். 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி, வெடிவைத்துக் கீழ்வாயிலைத் தகர்த்து, ஒரே இரவில் மூன்று குன்றுகளையும் கைப்பற்றியது செஞ்சியின் வரலாற்றில் ஒரு விதிவிலக்கு. அங்கும் காவலர் எண்ணிக்கையும் ஊக்கமும் குறைந்திருந்தனவே அன்றி மதில் குறைந்திருக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவ்வெற்றியின் எதிரொலியைக் கேட்கலாம். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு அக்கோட்டை இனிக்கவில்லை. பத்தாண்டுகளில் அவர்கள் அங்கு 1,200 ஐரோப்பிய வீரரை, பெரும்பாலும் நோயால், இழந்தனர் என்று இராபர்ட் ஆர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 1760 சனவரியில் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்று, அடுத்த ஆண்டு புதுச்சேரியும் விழுந்தபின், 1761 ஏப்ரலில் செஞ்சியின் மேற்கோட்டையும் கேப்டன் சுடீபன் சுமித்திடம் பணிந்தது. சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய கடைசி இடங்களுள் அதுவும் ஒன்று. 1780இல் ஐதர் அலியின் படை சிலகாலம் அங்கு இருந்தது. அதன்பின் கோட்டை ஆடுமாடுகளின் மேய்ச்சலிடமாயிற்று. 1921இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அடிவாரத்தின் வெளிக்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயிலுக்குச் செல்ல மறக்கலாகாது. இங்கிருந்து பெயர்த்தெடுத்த உயர்ந்த ஒற்றைக்கல் தூண்கள் பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்நகரின் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்பவை அவையே என்பர். புதுச்சேரிக் கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வோரில் எத்தனை பேர் அவற்றின் பிறப்பிடத்தை அறிவர் என்பது ஐயத்துக்குரியது. 1717 அளவில் சாதத்துல்லா கான் கட்டுவித்த பள்ளிவாசலும் அருகிலேயே உள்ளது.

இராசகிரியின் உச்சி அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் உள்ளது. வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வருகிறது. வாயில்கள் பலவற்றைக் கடந்து மேலேறினால், உச்சிப்பாறையை மற்றப் பகுதியிலிருந்து பிரிக்கும் பிளவொன்று வழியை மறிக்கும். இயற்கையாக அமைந்த அப்பிளவை மேலும் தோண்டி, 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ளதாக்கி, அதன்மேல் விலக்கிக்கொள்ளத்தக்க மரப்பாலம் இட்டிருந்தனர். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் நின்று பெரும்படையைத் தடுக்கலாம் என்பது பழைய ஆங்கிலேயர் கணிப்பு. இன்று அங்கு நிலையான பாலம் உண்டு. உச்சியில் அரங்கநாதர் கோயிலும், களஞ்சியமும், கருவூலமும், மணிக்கூண்டும், ஒரு பழைய பீரங்கியும் உள்ளன. அங்கிருந்து பார்த்தால் மூன்று குன்றுகளின் முக்கோணமும், அதைத் தைத்துச் செல்லும் மதில்வரிசையும், பச்சை வயல்களும் ஏரிகளும் தெளிவாகப் புலப்படும். வரைபடத்தில் விளங்காத கோட்டையின் தருக்கம் அந்த ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

முழங்கால் வலியுள்ளோர் இராசகிரியை விட்டுக் கிருஷ்ணகிரியில் ஏறுவது நல்லது. இராணிக்கோட்டை என்றும் அழைக்கப்படும் அக்குன்று உயரத்தில் சிறியது. உச்சியில் குவிமாடத்தோடு கூடிய கொலுமண்டபம் அழகு மிக்கது. ஒரே நாளில் இரு குன்றுகளிலும் ஏற முயல்வோர் பெரும்பாலும் இரண்டாவதைச் சரியாகப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் தங்க இயன்றால், சற்று வடக்கேயுள்ள சிங்கவரத்தின் குடைவரை அரங்கநாதரையும், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட திருநாதர்குன்றையும் காணலாம். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைத் திருநாதர்குன்றின் கல்வெட்டு கூறுகிறது. விழுப்புரம் செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரை, காஞ்சியிலிருந்து வருபவருக்கு உறவுமுறை உடைய இடம். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்குப் பொறித்துள்ளான்.

செல்வதற்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை. சித்திரை வெயிலில் பாறை அனல் கக்கும். மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். உச்சியில் கடை எதுவும் இல்லை. ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும். குரங்குகள் பையைப் பிடுங்கும் என்பதால் தின்பண்டங்களை வெளியே தெரியும்படி கொண்டுசெல்லலாகாது. காலிப் புட்டிகளைச் சுனைகளில் எறிவோர் இன்றும் உள்ளனர். எட்டாண்டு முற்றுகையிலும் கோட்டையைக் காத்த நீர் அது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உடன்செல்வோரின் கடமை. கோட்டை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடப்படுகிறது. இராசகிரியின் உச்சிக்குப் பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் ஏற விடுவதில்லை. ஆகவே ஐயம்பேட்டையிலிருந்து புறப்படுவோர் விடியற்காலையிலேயே காஞ்சிபுரம் சென்று வந்தவாசிப் பேருந்தைப் பிடித்துவிட வேண்டும்.